தீர்மானிக்க வேண்டியவர்

அரச வைத்தியசாலைகளின் சத்திரசிகிச்சை விடுதிகளிலும் அவற்றைச் சார்ந்த கிளினிக்குகளிலும் தாதிய உத்தியோகத்தனாகச் சேவை செய்து இளைப்பாறி, திருகோணமலை நகரை அடுத்த பாலையூற்றில் குடியிருந்துவருகிற எனக்கு, உத்தியோகம் முடிந்துபோனாலும் தொழில் முடிந்துபோகவில்லை. வெயில் தாழ்ந்த பின்னர், கையில் பழுப்பு நிறக் கடித உறையொன்றோடு யாராவது ஒருவர் படலையைத் திறந்து வருவார். துறைமுகத்திலோ, புகையிரதப் பகுதியிலோ, சீனக்குடா மா ஆலையிலோ வேலைசெய்து ஓய்ந்த மனிதராக இருப்பார். கதிரையில் இருந்து, தேநீர் குடித்து, மழை பெய்யாததைப் பற்றியும் மீன் விலையைப் பற்றியும் பேசி, எழுந்து போகப் போகிறவர் போல ஆயத்தமான பின்னர்தான் அந்த உறையை என் பக்கமாக நகர்த்தி, "தம்பி, இதை ஒருக்காப் பாருங்கோ" என்பார். அப்படி வரும் கடதாசிகளுள் ஒரு வகையைப் பற்றி, அதாவது புரொஸ்டேட் சுரப்பியில் ஆரம்ப நிலைப் புற்றுநோய் கண்டிருக்கிறது என்று அறிவிக்கும் கடதாசியைப் பற்றியும், அதன் பிறகு செய்யவேண்டியது இன்னதென்று ஒரு மனிதர் தீர்மானிக்கிற விதத்தைப் பற்றியும், என் அனுபவத்திற் கண்டவற்றை இங்கே எழுதுகிறேன்.

நான் தொழிலுக்குப் புகுந்த காலத்தில் இப்படியொரு தீர்மானத்துக்கு இடமே இருக்கவில்லை. இந்நோயோடு வந்தவர்களிற் பெரும்பாலோர், இடுப்பெலும்பிலும் முள்ளந்தண்டிலும் அது பரவிய பின்னரே வந்தார்கள். நாரிநோவென்று எண்ணெய் பூசி மாதக்கணக்கில் இருந்துவிட்டு, கால்கள் சோர்ந்து, சலம் அடைத்து, இரண்டு மகன்மார் கைத்தாங்கலாகக் கொண்டுவர வந்தவர்களை நான் கண்டிருக்கிறேன். அவர்களுக்குச் செய்யக்கூடியது ஒன்றே ஒன்றுதான். ஆண்களின் சுரப்பு நீரைத் தடுத்துவிட்டால் இந்தப் புற்று சுருங்கும் என்பதை 1941ஆம் ஆண்டில் சிக்காகோவில் நிரூபித்து, அதற்காக 1966இல் நோபெல் பரிசு பெற்ற சார்ள்ஸ் ஹக்கின்ஸ் என்ற வைத்தியர் காட்டிய வழியில், விதைகளை அகற்றி, வேதனையைத் தணித்து, எஞ்சிய காலத்தைச் சற்று நீட்டிக் கொடுப்பதே அது. யுத்த வருடங்களில், சோதனைச் சாவடிகளைக் கடந்து கொழும்புக்குப் போய்ச் சேர்வதே பெரும் பிரயத்தனமாக இருந்த நிலையில், அதற்கு மேல் எதையும் யோசிக்கும் அவகாசம் நோயாளிக்கும் இல்லை, எங்களுக்கும் இல்லை. பி.எஸ்.ஏ. என்ற இரத்தப் பரிசோதனை எங்கும் பரவலாகி, வேறு காரணத்துக்காக இரத்தம் கொடுத்த மனிதருக்கும் அதன் அளவு கூடியிருப்பது தெரியவந்த பிற்பாடுதான், உடம்பில் ஒரு நோவும் இல்லாமல், நடந்து வந்து, கதிரையிலிருந்து, "இப்ப நான் என்ன செய்யவேணும்?" என்று கேட்கும் நோயாளி ஒருவரை நாங்கள் சந்திக்கத் தொடங்கினோம்.

அந்தக் கடதாசியை வாசிக்கும் விதத்தை முதலிற் சொல்லவேண்டும். சிறுநீர்ப்பையின் அடியில், சலக்குழாயைச் சுற்றி, பெரிய நெல்லிக்காயளவில் இருக்கும் இந்தச் சுரப்பி சுரக்கின்ற ஒரு புரதத்தின் அளவே பி.எஸ்.ஏ. என்பது. மில்லிலீற்றருக்கு 4 நனோகிராமுக்கு மேற்போனால் விசாரிக்கவேண்டும் என்பது நெடுங்காலமாக வழங்கிவரும் கணக்கு. ஆனால் சலப்பாதையிற் கிருமித் தொற்று இருந்தாலும், வயது காரணமாகச் சுரப்பி வெறுமனே வீங்கியிருந்தாலும், அண்மையிற் சலம் வடிக்கும் கதீற்றர் குழாய் போட்டிருந்தாலும் அந்த இலக்கம் ஏறும். ஆகையால் அது புற்றுநோயின் பிரமாணம் அன்று. ஊசியால் சுரப்பியின் பல இடங்களிலிருந்து நூலிழை போன்ற துணுக்குகளை எடுத்து நுணுக்குக்காட்டியிற் பார்த்த பின்னர் வரும் பயொப்சி அறிக்கையே நிச்சயமான பேச்சு. அதிலே கிளீசன் என்றொரு பெயரும், இரண்டு இலக்கங்களும், அவற்றின் கூட்டுத்தொகையும் இருக்கும். டொனால்ட் கிளீசன் என்ற அமெரிக்க நோயியல் வைத்தியர், கலங்கள் ஒழுங்காக அடுக்கப்பட்டிருக்கின்றனவா, குலைந்து கிடக்கின்றனவா என்பதை மாத்திரம் பார்த்து நோயின் போக்கை முன்கூட்டிச் சொல்லலாம் என்று 1966இல் வகுத்த முறை இது. 3+3=6 என்றிருந்தால் மிகச் சாதுவானது; 3+4=7 என்றால் கவனிக்க வேண்டியது; 4+3=7 என்றால், கூட்டுத்தொகை அதுவேயானாலும், முன்னையதிலும் கடினமானது; 8 அல்லது அதற்கு மேலென்றால் கதை வேறு. உறையைக் கொண்டுவருகிறவர்களில் அநேகர் 'கான்சர்' என்ற சொல்லை மாத்திரம் வாசித்துவிட்டு இந்த இலக்கங்களைக் காணாமலே இரவுகளைக் கழித்திருப்பார்கள். நான் முதலில் விரலை வைத்துக் காட்டுவது அந்த இலக்கங்களைத்தான்.

இரண்டாவதாக, அவகாசம் இருக்கிறதென்று சொல்வேன். கிளீசன் 6 உடையவர், 7 உடையவரிலும் அநேகர், இந்தக் கிழமையே கத்தியின் கீழ்ப் படுக்கவேண்டியதில்லை. ஒரு மாதமோ இரண்டு மாதமோ யோசித்து, இரண்டு நிபுணர்களைப் பார்த்து, வீட்டாரோடு பேசி முடிவெடுத்தால் நோய் அதற்குள் ஓடிவிடாது. புற்றுநோயென்றால் உடனே வெட்டியெறிவதே விவேகம் என்று நம்பி வளர்ந்த நமது சனங்களுக்கு இந்தச் சொல்லை ஏற்பதே சிரமம். "பாம்பை வீட்டுக்குள்ளை விட்டிட்டுப் படுக்கச் சொல்லுறியளோ?" என்று ஒரு புகையிரதக் காவலர் என்னிடம் கோபித்ததுண்டு. அந்தப் பயம் நியாயமானது. ஆனால் பயத்தோடு எடுக்கப்படும் தீர்மானத்தின் பலனைப் பதினைந்து வருஷம் சுமக்கப் போகிறவர் அவரே.

இங்கேதான் அடிப்படையான உண்மையொன்றை வாசகர்கள் அறிந்துகொள்ள வேண்டும். ஆரம்ப நிலைக்கு வைத்தியம் முன்வைக்கும் வழிகள் பிரதானமாக மூன்று: சுரப்பியை முழுமையாக அகற்றும் சத்திரசிகிச்சை, கதிர்ச் சிகிச்சை, அதாவது நம்மவர்கள் 'கரண்ட் பிடிக்கிறது' என்று சொல்வது, இவை இரண்டையும் இப்போதைக்குச் செய்யாமல், இரத்தப் பரிசோதனையாலும் ஸ்கானாலும் மீள்பயொப்சியாலும் நோயைக் கண்காணித்து, அது அசைந்தால் மாத்திரம் சிகிச்சைக்குப் போவது. இவற்றுள் எது உயிரைக் காக்கிறது என்பதை அறிய, ஐக்கிய இராச்சியத்தில் 1999 தொடக்கம் 2009 வரையிலான காலப்பகுதியில், 50 முதல் 69 வயது வரையான 82,429 ஆண்களுக்குப் பி.எஸ்.ஏ. சோதித்து, ஆரம்ப நிலை நோய் காணப்பட்டவர்களுள் சம்மதித்த 1,643 பேரை எழுந்தமானமாக மூன்று பிரிவுகளாக்கி, 545 பேரைக் கண்காணிப்புக்கும், 553 பேரைச் சத்திரசிகிச்சைக்கும், 545 பேரைக் கதிர்ச் சிகிச்சைக்கும் விட்டார்கள். புரொடெக்ட் என்று பெயர் வழங்கும் அந்த ஆராய்ச்சியின் பதினைந்து வருடக் கணக்கு 2023இல் வெளிவந்தது. அந்தக் காலத்துள் ஏதோவொரு காரணத்தால் இறந்தவர்கள் 356 பேர். அவர்களுள் இந்தப் புற்றுநோயால் இறந்தவர்கள் 45 பேர் மாத்திரமே. அந்த 45 பேரும் கண்காணிப்புப் பிரிவில் 17, சத்திரசிகிச்சைப் பிரிவில் 12, கதிர்ப் பிரிவில் 16 என்று பிரிந்திருந்தார்கள். ஒன்றை மற்றொன்றிலும் மேலென்று சொல்ல முடியாத வித்தியாசம். கண்காணிக்கப்பட்டவர்களில் நூற்றுக்கு 9.4 பேருக்கு நோய் வேறிடம் பரவியது. மற்ற இரு பிரிவுகளிலும் அது ஏறத்தாழ 5 பேருக்குத்தான் நேர்ந்தது. கண்காணிப்பில் தொடங்கியவர்களில் நூற்றுக்கு 61 பேர் காலப்போக்கிற் சிகிச்சையை ஏற்றார்கள். கால்வாசிப் பேரோ யாதொரு சிகிச்சையுமின்றியே பதினைந்து வருடத்தின் முடிவிலும் உயிரோடிருந்தார்கள். அதிற் சேர்ந்தவர்கள் ஏறக்குறைய எல்லோரும் வெள்ளையர்கள் என்பதையும், கடினமான இலக்கங்களை உடையவர்களுக்கு இந்தக் கணக்குப் பொருந்தாதென்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டியது என் கடமை.

இந்தக் கணக்கைப் படித்தபோது என் மனத்தில் உறைத்தது வைத்திய சாஸ்திரத்தைப் பற்றியதன்று. மூன்று வழிகளாலும் உயிர் ஏறத்தாழ ஒரே அளவிற் காக்கப்படுமானால், அவை வேறுபடுவது எதிலே? அவை மனிதனிடமிருந்து எதை எடுத்துக்கொள்கின்றன என்பதில். ஒன்று சலத்தின் கட்டுப்பாட்டை எடுக்கலாம். ஒன்று குடலின் சுகத்தை எடுக்கலாம். இரண்டும் தாம்பத்தியத்தை எடுக்கலாம். மற்றொன்று நித்திரையை எடுக்கலாம். இவற்றுள் எதைக் கொடுக்க ஒருவர் சம்மதிப்பார் என்பதை எந்த நிபுணரும் எந்த ஸ்கானும் கண்டுபிடிக்க முடியாது. மகன் அறியான், மகள் அறியாள். மனைவி ஒருவேளை பாதியை அறிவாள். ஆகவே வேறு எந்த நோயிலும் பார்க்க இந்த நோயில், நோயாளியே தீர்மானிக்க வேண்டியவர். அவருக்கு விஷயத்தைச் சொல்லாமல் மறைப்பது, வேறிடங்களில் அன்பினால் செய்யப்படும் தவறென்று மன்னிக்கப்படலாம். இங்கே அது அவருடைய உரிமையைப் பறிப்பதேயாகும். இதனை நான் எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும்.

ஏனெனில் மறைப்பதே நமது வழக்கம். கிளினிக்கில் பெயர் கூப்பிடப்படுவதற்கு முன்னரே, பிள்ளைகளில் ஒருவர் மெல்ல என் மேசையருகே வந்து, "அப்பாவுக்குச் சொல்லிப்போடாதேயுங்கோ, அவர் தாங்கமாட்டார்" என்று கண்ணீரோடு கேட்டது எண்ணிறந்த தடவை. பாலையூற்றிலேயே எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்ளுகிறேன். தகப்பனார் துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டி இளைப்பாறியவர், அறுபத்தாறு வயதினர். வெள்ளிக்கிழமை தோறும் கோணேசர் மலையேறிச் சுவாமி சந்நிதியில் தேவாரம் பாடுகிறவர். ஊரில் யாருக்கும் பயந்தறியாதவர். பி.எஸ்.ஏ. ஏழை ஒட்டியிருந்தது; கிளீசன் 3+3. கனடாவிலிருந்த மூத்த மகன் தொலைபேசியில் ஒன்றைச் சொன்னார்: கொழும்பில் ஒரு தனியார் வைத்தியசாலையில் உடனே சத்திரசிகிச்சை செய்விக்க வேண்டும், பணம் தான் அனுப்புவார், அப்பாவுக்கு 'சலப்பையில் ஒரு கட்டி' என்று சொன்னாற் போதும். மகள் அதற்கு இணங்கி, நாளும் குறித்துவிட்டு, அப்பாவைச் சம்மதிக்கச் செய்வதற்காக மாத்திரம், அம்மாவோடு, என்னிடம் அழைத்துவந்தார்.

பொய் சொல்ல என்னால் இயலாதென்று மகளிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன். பிறகு அந்தப் பெரியவரைப் பார்த்து, "ஐயா, உங்களுக்கு என்ன வருத்தம் என்று உங்களுக்குத் தெரியுமோ?" என்று கேட்டேன். அவர் மகளைப் பார்க்கவில்லை, மனைவியையும் பார்க்கவில்லை. மடியிலிருந்த கண்ணாடியை எடுத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டு, உறைக்குள்ளிருந்த அறிக்கையை வெளியில் எடுத்து, ஆங்கிலத்தில் 'கார்சினோமா' என்றிருந்த இடத்தைச் சுட்டி, "துறைமுகத்திலை முப்பது வருஷம் வேலை செய்தனான். இது வாசிக்கத் தெரியாதெண்டு பிள்ளையள் நினைக்கினம்" என்றார். மகள் அழத் தொடங்கினார். அவரோ அழவில்லை. அதன் பின்னர் அவர் கேட்ட கேள்விகளை, இத்தனை வருடத் தொழிலில் நான் கேட்டவற்றுள் மிகச் செம்மையானவையென்று சொல்லுவேன்: எவ்வளவு காலத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும், வெட்டினால் சலம் ஒழுகுமா, எவ்வளவு காலம் ஒழுகும், வெட்டாவிட்டால் எப்படித் தெரியும் அது வளருகிறதென்று.

ஒழுகும் என்றேன். எனக்குத் தெரிந்த கணக்கையும் சொன்னேன். முன்சொன்ன புரொடெக்ட் ஆராய்ச்சியில் சத்திரசிகிச்சை பெற்றவர்களில் நூற்றுக்கு 46 பேர் ஆறாவது மாதத்தில் துணியோ பட்டியோ வைத்துக்கொள்ள நேர்ந்தது. ஆறாவது வருடத்தில் அது 17 பேராகக் குறைந்தது. கதிர் பெற்றவர்களில் அப்போது 4 பேர்தான். அவர் நெடுநேரம் பேசாமலிருந்துவிட்டு, "வேட்டி நனைஞ்சா நான் எப்பிடிக் கோயிலுக்குள்ளை நிக்கிறது?" என்றார். அந்தக் கேள்வி மகனுடைய கணக்கில் இல்லை. கொழும்பு வைத்தியருடைய கணக்கிலும் இருந்திருக்க நியாயமில்லை. சுத்தமான வேட்டியோடு சந்நிதியில் நின்று பாடுவதே அவருக்கு ஜீவனாக இருந்தது. அதை இப்பொழுதே விட்டுக்கொடுக்க அவர் ஆயத்தமாயில்லை. மனைவி அப்போதுதான் வாய் திறந்து, "இவர் இராவிலை நாலு தரம் எழும்பிறது இதாலையோ?" என்றார். அல்ல, அது பெரும்பாலும் வயதினால் வரும் சாதாரண வீக்கத்தால், அதற்கு வில்லை இருக்கிறது என்றேன். அந்த அம்மாள் முகத்தில் தோன்றிய ஆறுதல், கணவருக்குக் கான்சர் என்ற செய்தி வந்த பிற்பாடு அந்த வீட்டிற் புகுந்த முதல் ஆறுதலாக இருந்திருக்கவேண்டும். நிபுணரைக் கண்டு, எம்.ஆர்.ஐ. ஸ்கானும் எடுத்து, பெரியவர் கண்காணிப்பைத் தெரிந்தெடுத்தார். குறித்த நாள் ரத்துச் செய்யப்பட்டது. கனடா மகன் சில மாதம் என்னோடு மனத்தாபமாக இருந்தார். பிறகு அதுவும் தீர்ந்தது.

கண்காணிப்பென்றால் சும்மா இருப்பது என்று எவரும் விளங்கிக்கொள்ளக் கூடாது. மூன்று அல்லது ஆறு மாதத்துக்கொருமுறை இரத்தம், குறித்த காலத்தில் ஸ்கான், வேண்டியபோது மீண்டும் பயொப்சி என்ற ஒழுங்கைத் தவறாமல் பின்பற்ற இயலாதவருக்கு அது பொருந்தாது. ஆழ்கடலுக்குப் போய்க் கிழமைக்கணக்கிற் திரும்பாத சம்மாட்டியொருவர், தவணை நாளைக் கடலிலேயே கழித்துவிடுவார் என்று அவரே ஒப்புக்கொண்டபோது, வேறு வழியைப் பாருங்கள் என்று நான் சொன்னதுண்டு. கண்காணிப்பில் இருக்கும் மனிதரின் மனத்தையும் பார்க்கவேண்டும். இரத்தம் கொடுத்த நாளிலிருந்து அறிக்கை வரும் நாள் வரை உண்ணாமல் உறங்காமல் கிடப்பவருக்கு, உடம்பைக் காப்பாற்றி மனத்தைக் கெடுப்பதில் என்ன லாபம்?

சத்திரசிகிச்சையைத் தெரிந்தெடுத்தவர்களையும் நான் குறைவாக மதிக்கவில்லை. கிண்ணியாவில் வியாபாரஞ் செய்யும் ஒருவர், அறுபது வயதாகாதவர், கிளீசன் 3+4, தகப்பனாரை இதே நோயிற் பறிகொடுத்தவர்; அதனை உடம்பில் வைத்துக்கொண்டு ஒரு நாளும் கடையில் இருக்கமாட்டேன் என்றார். சலம் ஒழுகினால், தொழுகைக்கு முன் செய்யும் ஒழு என்ற சுத்திகரிப்பு முறிந்துபோகுமே என்ற கவலை அவருக்கும் இருந்தது; தம்முடைய பள்ளிவாசல் மௌலவியைக் கேட்டு, இத்தகைய வருத்தமுடையவர் தொழுகை நேரம் ஒவ்வொன்றுக்கும் புதிதாக ஒழுச் செய்து தொழலாம் என்ற சலுகை மார்க்கத்தில் இருப்பதை அறிந்து வந்து, என்னிடமும் சொல்லி, அதன் பின்னரே சம்மதக் கடதாசியிற் கையெழுத்திட்டார். இன்னொன்றையும் அவர் யோசித்திருந்தார். சுரப்பியை எடுத்துவிட்டால் பி.எஸ்.ஏ. அளக்க முடியாத அளவுக்கு இறங்கவேண்டும். பின்னொரு காலத்தில் ஏறினால் கதிர்ச் சிகிச்சை கைவசம் இருக்கும். கதிர்ச் சிகிச்சை பெற்ற பின்னர் சத்திரசிகிச்சை செய்வதோ மிகக் கடினம். இளவயதுள்ளவருக்கு இது நல்ல நியாயம். கோயிலை நினைத்து ஒருவர் ஒரு வழியிலும், பள்ளிவாசலை நினைத்து மற்றொருவர் வேறொரு வழியிலும் போனார்கள். இருவரும் தெளிந்த புத்தியோடு போனார்கள்.

சத்திரசிகிச்சைக்குப் பிந்திய நாட்களில்தான் தாதியின் வேலை. ஒன்றிரண்டு கிழமை கதீற்றர் இருக்கும்; சலம் சேரும் பையைச் சாரத்துக்குள் தொடையோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, யாரும் வரும் சத்தம் கேட்டால் போர்வையை இழுத்து மூடும் மனிதரின் லஜ்ஜையைக் கண்டவர்களுக்கு, இந்த நோயின் பாரம் எங்கே இருக்கிறது என்பது தெரியும். கதீற்றரை எடுத்த பிறகு, இடுப்புத் தளத் தசைக்கு ஒரு பயிற்சி கற்பிப்போம். அமெரிக்காவில் கீகல் என்ற வைத்தியர் 1948இல், பிரசவித்த பெண்களுக்காக வகுத்த பயிற்சி அது. "ஐயா, சபையில் இருக்கும்போது வாயு பிரியப் பார்த்தால் எப்படி அடக்குவீர்களோ அந்தத் தசையை இறுக்குங்கள், வயிற்றையும் தொடையையும் இறுக்கவேண்டாம், மூச்சைப் பிடிக்கவேண்டாம், பத்து எண்ணும் வரை வைத்திருந்து விடுங்கள்" என்று சொல்லி, சரியாகச் செய்கிறாரா என்று வயிற்றின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பேன், வயிறு கல்லாக இறுகினால் பிழை. சத்திரசிகிச்சைக்குச் சில கிழமைக்கு முன்னரே இதைப் பழக்கவேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம். பின்னர் நோவோடும் வெட்கத்தோடும் இருக்கும்போது எந்தத் தசை எங்கே இருக்கிறதென்பது பிடிபடாது. பாமசிக்குப் போய்ப் பம்பர்ஸ் கேட்கும் பெரியவர்கள், பேரப்பிள்ளைக்கு என்று சொல்லிக் குழந்தையின் அளவில் வாங்கிவந்து, அது உதவாமல் கிடப்பதை நான் வீடுகளிற் பார்த்திருக்கிறேன். ஆகையால் பெரியவர்களுக்கான பட்டியை எந்தப் பெயரில், எந்த அளவிற் கேட்க வேண்டும் என்று ஒரு துண்டில் எழுதிக் கொடுத்துவிடுவேன். அந்தத் துண்டைக் கடைக்காரரிடம் நீட்டினாற் போதும், வாயால் ஒன்றும் சொல்லவேண்டியதில்லை.

தாம்பத்தியத்தைப் பற்றி யாரும் கேட்பதில்லை. வைத்தியரும் வயதைப் பார்த்துவிட்டு அதனைத் தாண்டிப் போய்விடுவதுண்டு. இரண்டாம் மூன்றாம் முறை வந்தபோது, மனைவி வெளியில் நிற்க, "குடும்ப வாழ்க்கைக்கு ஏதும்…" என்று பாதியில் நிறுத்துவார்கள். நிறுத்துவதற்கு இடம் கொடாமல் நானே சொல்லிவிடுவேன்: புரொடெக்ட் ஆராய்ச்சியின் ஆறாவது மாதத்தில், அதற்குத் தகுதியோடிருந்தவர்கள் சத்திரசிகிச்சைப் பிரிவில் நூற்றுக்கு 12 பேர், கதிர்ப் பிரிவில் 22 பேர், கண்காணிப்பில் 52 பேர். அந்தச் சக்திக்குரிய நரம்புகள் சுரப்பியின் இரு பக்கமும் ஒட்டியே ஓடுகின்றன என்பதை ஹொலண்டின் லெய்டன் நகரத்துப் பேராசிரியர் டொங்கரோடு சேர்ந்து 1981இல் கண்டறிந்து, மறு வருடமே அவற்றைத் தப்பவைத்துச் சுரப்பியை எடுத்துக் காட்டியவர் அமெரிக்கச் சத்திரசிகிச்சை நிபுணர் பற்றிக் வோல்ஷ். அதற்கு முன்னர் இந்தச் சிகிச்சை பெற்றவர்களில் ஏறத்தாழ எல்லோரும் பௌருஷத்தை இழந்தார்கள். நரம்பைத் தப்பவைக்க முடியுமா என்று சத்திரசிகிச்சை நிபுணரை நேரே கேட்பதற்கு எந்த வயதிலும் வெட்கப்படத் தேவையில்லை. இயன்றவரை, அந்தக் கேள்வியைக் கேட்கும்போது மனைவி உள்ளே இருக்கட்டும்.

கதிர்ச் சிகிச்சையைப் பற்றி மேனாட்டுப் புத்தகங்கள் எழுதாத ஒன்றைத் திருகோணமலையில் இருப்பவன் எழுதவேண்டும், அது தூரம். அந்தச் சிகிச்சை கிழமையில் ஐந்து நாள், பல கிழமைகளுக்கு நடப்பது. ஒவ்வொரு நாளும் மேசையில் கிடப்பதோ சில நிமிடந்தான், ஆனால் அந்தச் சில நிமிடத்துக்காக ஊரை விட்டு இருக்கவேண்டும். மகரகமப் புற்றுநோய் வைத்தியசாலை இங்கிருந்து 250 கிலோமீற்றருக்கு அப்பால். 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்து சேர்த்த நிதியால் எழுந்த தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலைக்கும் வவுனியா சுற்றிப் போகவேண்டும். மட்டக்களப்புப் பக்கம் போவது, முன்னர் கிண்ணியாவில் பாதையேறித் துறை கடந்தவர்களுக்கு, இப்போது பாலத்தால் எளிதாயிற்று. அரச வைத்தியசாலையிற் சிகிச்சை இலவசம். ஆனால் தங்குமிடமும், சாப்பாடும், கூடவருபவரின் சம்பள இழப்பும் இலவசமல்ல. வழக்கமாக 37 தடவையாகக் கொடுத்த சிகிச்சையை, ஒவ்வொரு தடவைக்கும் அளவைச் சற்றுக் கூட்டி 20 தடவையில் முடித்தாலும் பலன் குறைவதில்லை என்று 3,216 பேரைக் கொண்டு நடத்திய சிப் என்ற பிரித்தானிய ஆராய்ச்சி 2016இல் காட்டியது. ஏழரைக் கிழமைக்கும் நாலு கிழமைக்கும் உள்ள வித்தியாசம், கொழும்பில் வீடுள்ளவருக்கு ஒரு வசதி; பாலையூற்றிலிருந்து போகிறவருக்கோ, சிகிச்சை சாத்தியமா இல்லையா என்பதே அதில் அடங்கியிருக்கிறது. எத்தனை தடவை என்று கேட்பதை முதற் கேள்வியாக வைத்துக்கொள்ளவேண்டும். மலவாசலின் எரிவும் இரத்தக்கசிவும் சிலருக்குப் பின்னாளில் வரும்; சிலருக்குச் சுரப்பு நீரைத் தடுக்கும் ஊசியும் சேர்த்துப் போடுவார்கள், அதனால் உடம்பு காந்தும், களைப்பு வரும். இவையெல்லாம் முன்னரே சொல்லப்படவேண்டியவை. விருத்தாப்பியர்களுக்கு இந்த வழி பொருந்தும் என்பதற்குச் சான்று வேண்டுமானால் நெல்சன் மண்டேலாவைச் சொல்லலாம்: 2001இல், எண்பத்து மூன்றாம் வயதில் இந்நோய் கண்டு, ஏழு கிழமை கதிர்ச் சிகிச்சை பெற்று, தொண்ணூற்றைந்து வயது வரை வாழ்ந்தார்.

என்னைக் கேட்டு வருகிறவர்கள், "நீங்களென்றால் என்ன செய்வீர்கள்?" என்று கடைசியாகக் கேட்பார்கள். அதற்கு நான் பதில் சொல்வதில்லை. சொன்னால், அவர்கள் தம் மனத்தை விசாரிப்பதை அந்த நிமிடமே நிறுத்திவிடுவார்கள். என் தேகமும் என் வீடும் என் பயமும் அவர்களுடையவையல்ல. அதற்குப் பதிலாக, சத்திரசிகிச்சை நிபுணரை ஒரு முறையும் கதிர்ச் சிகிச்சை நிபுணரை ஒரு முறையும் தனித்தனியே காணும்படி சொல்லுவேன். தத்தம் சிகிச்சையில் நம்பிக்கையில்லாத நிபுணர் உலகில் இல்லையாதலால், இருவரையும் கேளாமல் முடிவுக்கு வருவது அரைவாசிக் கேள்வியோடு முடிவுக்கு வருவதாகும்.

வெளிநாட்டிலும் கொழும்பிலும் இருந்து, அப்பாவுக்காகப் பணமும் கண்ணீரும் செலவழிக்கிற பிள்ளைகளை நான் மிகவும் மதிக்கிறேன், அவர்களைத்தான் கேட்டுக்கொள்ளுகிறேன். நாள் குறிப்பதற்கு முன்னர் அப்பாவிடம் சொல்லுங்கள். வருத்தத்தின் பெயரைச் சொல்லுங்கள். கிளீசன் இலக்கத்தை வாசித்துக் காட்டுங்கள். கிளினிக்குக்கு அம்மாவையும் அழைத்துச் செல்லுங்கள். பி.எஸ்.ஏ. அறிக்கைகள் எல்லாவற்றையும் திகதி ஒழுங்கில் ஒரு கோவையிற் போட்டு, பயொப்சியின் மூலப்பிரதியையும் வைத்துக்கொள்ளுங்கள். வேறொரு வைத்தியசாலையில் இரண்டாவது அபிப்பிராயம் கேட்பதானால், பயொப்சி எடுத்த இடத்தில் அந்தக் கண்ணாடித் தகடுகளைக் கேட்டு வாங்கலாம். பிறகு அப்பா என்ன சொல்கிறார் என்று கேளுங்கள். அவர் சொல்வதற்கு ஒரு மாதம் எடுத்தாலும் பொறுத்திருங்கள்.